கூடுதல் காவல்

வேலையிடத்தில் எல்லோரும் அவளைக் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒலிப்பதிவில் பேசி வைப்பதை வீட்டிலிருந்தபடியே கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவள் வேலை. சில மருத்துவர்கள் எதையோ மென்றுகொண்டே பேசுவார்கள். சிலர் நடந்துகொண்டு பேசுவதில் பாதி வாக்கியம் லிஃப்டுக்குள் போய்விடும். புரியவில்லை என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பிய பதிவுகளெல்லாம் கடைசியில் இவளிடம் வந்து சேரும். "காதுகிட்ட குடுங்க, அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க" என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. அங்கே யாரும் அவளை நேரில் பார்த்ததில்லை.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை இல்லை. கல்யாணம் சரிப்பட்டு வராமல் போனபோது அண்ணன்தான் ஒரு வேனை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் கணவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியேறி, பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்து, "ஏறு பாப்பா" என்றார். அவ்வளவுதான். வழியில் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த உதவியை அவள் மறக்கவில்லை. மறக்க அண்ணன் வீட்டில் இடமும் இருக்கவில்லை.

அண்ணன் ஒரு பெரிய கிடங்கு வளாகத்தில் காவலர்களுக்குத் தலைவர். வீட்டுக்கு வந்தாலும் சீருடையைத்தான் கழற்றுவார், வேலையைக் கழற்றமாட்டார். சாப்பிட உட்காருமுன் ஒரு சுற்று வந்து எல்லா ஜன்னலையும் இழுத்துப் பார்ப்பார். வாசல் கேட்டின் சாவி அவர் கால்சட்டையில் தொங்கும். அவளை யாரும் பூட்டி வைக்கவில்லை. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்பார், அவ்வளவுதான். மூலைக்கடைக்குப் போவதற்கும் இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்பதால், போகாமலேயே இருப்பது சுலபம் என்று ஆகிப்போனது. கொஞ்ச காலத்தில் தேவைகளும் அதற்கேற்பச் சுருங்கிவிட்டன.

அவளுக்குக் கொடுத்திருந்த அறை முன்பு சாமான் போட்டுவைத்த அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கை நீட்டினால் தொட்டுவிடலாம். அண்ணன் எப்போதோ உடம்பைக் குறைக்க வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று ஓரமாக நிற்கும். அதன் கைப்பிடியில் துண்டு காயும். இஸ்திரி மேசைமேல் மடிக்கணினி. மேசைக்கடியில் ஒலிப்பதிவை ஓட்டி நிறுத்தும் கால்மிதி, பெடல். மிதித்தால் மருத்துவர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திக்கொள்வார். அந்த வீட்டில் அவள் சொல்லி ஒரு ஆள் பேச்சை நிறுத்துவது அங்கே மட்டும்தான்.

ஒரு நாள் முற்பகலில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பார்சலைக் கொடுக்க முடியவில்லை, இணைப்பைத் திறந்து முகவரியைச் சரிபாருங்கள் என்று இருந்தது. புது ஹெட்போனுக்குச் சொல்லியிருந்தாள். அதுவாகத்தான் இருக்கும் என்று திறந்தாள். பார்சலும் இல்லை, முகவரியும் இல்லை. கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க விளம்பரம் விளம்பரமாக முளைத்தது. ஒன்றை மூடினால் இரண்டு திறந்தன. பயந்துபோய் கணினியை அணைத்துவிட்டு, அண்ணன் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஏன் கண்டதையும் தொறக்கற? நம்ம பையன் ஒருத்தன் கடை வெச்சிருக்கான். குடு" என்று அண்ணன் கணினியை எடுத்துப் போனார். மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "சுத்தமா தொடச்சாச்சு. நல்ல செக்யூரிட்டியாப் பாத்துப் போட்டுருக்கேன். இனிமே ஈ எறும்பு நுழையாது."

ஈ எறும்பு நுழையவில்லை. ஆனால் வேலையும் நகரவில்லை. கால்மிதியை அழுத்தினால் ஒரு மூச்சு விட்டபிறகுதான் குரல் வந்தது. ஒரு சொல்லைத் தட்டினால் எழுத்துகள் யோசித்து யோசித்து வந்து விழுந்தன. உள்ளே இருக்கும் மின்விசிறி எந்நேரமும் உறுமிற்று. மூலையில் ஒரு பச்சை நிறக் கேடயப் படம் நின்றுகொண்டு, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்று அடிக்கடி எட்டிப்பார்த்துச் சொன்னது. மதியத்துக்குள் முடிகிற வேலை சாயங்காலம்வரை இழுத்தது. மேற்பார்வையாளர் அம்மா தொலைபேசியில், "என்னம்மா, காது அடைச்சிக்கிச்சா?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

அந்த நாட்களில்தான் ஒரு மதியம், இரண்டு பதிவுகளுக்கு நடுவே, வாடகைக்கு ஒற்றை அறை வீடுகளைத் தேடிப் பார்த்தாள். போக வேண்டும் என்ற திட்டமெல்லாம் இல்லை. துணிக்கடைக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல சும்மா பார்த்தாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை இருந்தது. மூன்று பக்கமும் ஜன்னல். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டொரு நாள் கழித்துச் சாப்பிடும்போது அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்கற வீடெல்லாம் வேஸ்ட்டு. வெயில் காலத்துல சொட்டுத் தண்ணி வராது."

"இங்க யாரு வீடு பாக்கறா?" என்றார் அண்ணி.

"யாரும் இல்ல. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்."

அவள் தண்ணீர்த் தம்ளரை எடுத்துக் குடித்தாள். கணினி திரும்பி வந்த பிறகு ஒரு நாள், "உன் காலேஜ் ஃப்ரெண்டுக்கு ஆபரேஷனாமே" என்று அண்ணன் விசாரித்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. அண்ணிதான் சொல்லியிருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டாள். அண்ணியிடம் தான் அதைச் சொல்லவேயில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அண்ணன் வேலைக்குக் கிளம்பியதும், நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவைக் கூப்பிட்டாள். எடுத்தது ஒரு இளம்பெண். கணினி மெதுவாக ஓடுகிறது என்று மட்டும்தான் இவள் சொன்னாள். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அக்கா, கம்ப்யூட்டரோட சேர்ந்தே ஒரு பாதுகாப்பு வரும். அது நல்லாவே வேலை செய்யும். இந்த வெளி சாஃப்ட்வேரப் போட்டதும் அது ஒதுங்கிக்கிச்சு. அது பரவால்ல. ஆனா இதுல இன்னொரு பகுதி ஓடுது. புள்ளைங்க என்ன பாக்கறாங்கன்னு அப்பா அம்மா கண்காணிக்கறதுக்கு வெக்கறது. உங்க ஸ்கிரீன அப்பப்ப படம் புடிச்சு யாருக்கோ அனுப்பிட்டிருக்கு. வீட்ல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப யாருக்காக வெச்சிருக்காங்க?"

"எனக்குத்தான்" என்றாள் அவள்.

மறுமுனையில் அந்தப் பெண் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்களா சொன்னா எடுத்துடலாம்க்கா. எடுத்தா அவங்களுக்குத் தெரியும். அதையும் யோசிச்சுக்கோங்க" என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கணினியை மூடினாள். மூடிய பிறகும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கக் கூசியது. எழுந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அண்ணன் எதையெல்லாம் பார்த்திருப்பார் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. கழுத்து வலிக்கு வைத்தியம் தேடியது. தலைமுடி கொட்டுவதற்குத் தேடியது. தன் பழைய கணவனின் புதுக் குடும்பப் படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததாக அவள் நம்பிய நேரமெல்லாம் ஒருவர் பின்னால் நின்றிருக்கிறார்.

அண்ணனிடம் எப்படிப் பேசுவது என்று ஒரு வாரம் மென்று விழுங்கினாள். தனக்கு வலிக்கிறது என்றால் அவர் காதில் ஏறாது. "உன் நல்லதுக்குத்தானே" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். கடைசியில் அவருக்குப் புரிகிற மொழியிலேயே பேசினாள்.

"அண்ணா, நான் அடிக்கறது நோயாளிங்களோட ரிப்போர்ட்டு. யாருக்கு என்ன வியாதின்னு இருக்கும். வெளியாள் பாக்கக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருக்கேன். நீங்க போட்டது ஸ்கிரீனப் படம் புடிக்குது. ஆபீஸ்ல தெரிஞ்சா வேலை போயிடும்."

அண்ணனின் முகம் மாறியது. கோபமா வெட்கமா என்று தெரியவில்லை. "நான் என்ன வெளியாளா?"

"அவங்களுக்கு வெளியாள்தானேண்ணா. உங்க கிடங்குல நான் வந்து பெட்டியத் தொறந்து பாத்தா விடுவீங்களா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடக் கூடாதுன்னுதான் பாப்பா பண்ணேன். ஒரு தடவ ஏமாந்துட்ட. வீட்டு விஷயத்துலயும் சரி, இதுலயும் சரி." கல்யாணத்தைத்தான் சொல்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. "சரி, எடுத்துக்கோ. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். இன்னொரு தடவ வைரஸு கிரஸுன்னு வந்துச்சு, மறுபடி போட்டுடுவேன். அப்பறம் பேச்சே கெடையாது."

அவள் ஒத்துக்கொண்டாள். உதவிப் பிரிவுப் பெண் வழிகாட்ட, பச்சைக் கேடயம் போயிற்று. கணினியின் சொந்தப் பாதுகாப்பு விழித்துக்கொண்டது. மின்விசிறி அடங்கியது. கால்மிதியை அழுத்தியதும் மருத்துவர் சட்டென்று பேசினார். அந்தப் பெண் இன்னும் சில வேலைகள் சொன்னாள். புதுப்பிக்கவா என்று கணினி கேட்கும்போதெல்லாம் 'பிறகு' என்று தள்ளக் கூடாது. அன்றாட வேலைக்கு, எதையும் நிறுவ அதிகாரமில்லாத தனிக் கணக்கில் நுழைய வேண்டும். அப்போது கெட்டது ஏதாவது நுழைய முயன்றாலும் கடவுச்சொல் கேட்டு நிற்கும். எங்கிருந்தோ இலவசமாக இறக்கிய, பாட்டு கேட்கும் மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டும். முக்கியமானவற்றை வெளியே செருகும் ஹார்டு டிஸ்கில் பிரதி எடுத்து, எடுத்ததும் கழற்றி அலமாரியில் வைத்துவிட வேண்டும்.

"வேற எதுவும் வாங்கிப் போட வேண்டாமா?" என்று இவள் நம்பாமல் கேட்டாள்.

"வேண்டாம்க்கா. மிச்சமெல்லாம் உங்க விரல்லதான் இருக்கு. தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்துங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்வது எளிது. இவளுக்கு அந்த ஒரு நிமிஷம் நாள் முழுக்க நீண்டது. ஒரு சொடுக்கு தவறினால் பச்சைக் கேடயம் திரும்பிவிடும். மேற்பார்வையாளர் அனுப்பிய இணைப்பைக் கூட, அவரைக் கூப்பிட்டு, "நீங்கதானே அனுப்பினீங்க?" என்று கேட்டபிறகே திறந்தாள். முதலில் அவர் சிரித்தார், பிறகு அலுத்துக்கொண்டார். வேலை முடிந்ததும் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து எல்லாம் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பாள். மூடுவாள். சந்தேகம் வந்து மறுபடி திறப்பாள். ஒரு சாயங்காலம் அப்படித் திறந்திருந்தபோது, கூடத்தில் அண்ணன் ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் இழுக்க, இவள் இந்தப் பக்கம் சொடுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அன்று இரண்டாம் முறை பார்க்கவில்லை. மறுநாள் மறுபடி பார்த்தாள்.

அண்ணனும் சும்மா இருக்கவில்லை. கிடங்கில் அவருக்கு ஒரு பழக்கம்: தெரிந்த ஆள் ஒருவரை வேற்றாள் மாதிரி அனுப்பி, வாசலில் நிற்பவர் உள்ளே விடுகிறாரா என்று சோதிப்பார். விட்டவர் கதி அவ்வளவுதான். ஒரு நாள் அவளுக்கு, உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது, உடனே இங்கே தொடுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் முகவரியில் ஓர் எழுத்து இரண்டு முறை இருந்தது. அவள் தொடவில்லை.

சாப்பாட்டின்போது அண்ணன், "மெயில் கியில் ஏதாச்சும் வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு. தொடல."

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "நம்ம கடைப் பையன்தான் அனுப்பினான்! தேறிட்ட போ!" அண்ணியும் சிரித்தார். அவளும் சிரித்தாள். கை கழுவும்போது, தான் எதற்குச் சிரித்தோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அடுத்த வாரம் அவள் மேசைமேல் யாருடையது என்று தெரியாத ஒரு பென்டிரைவ் கிடந்தது. அதைக் கணினியில் செருகாமல் எடுத்துப் போய் அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. அவள் அறிக்கைகள் தட்டச்சு செய்கிற மருத்துவமனைகளில் ஒன்றின் பெயரில் வந்திருந்தது. ஆவணப் பிரிவில் நேரடியாக ஆள் எடுக்கிறோம், உங்கள் மேற்பார்வையாளர் உங்களைப் பரிந்துரைத்தார், விவரம் இணைப்பில், தங்கும் அறை உண்டு. அனுப்பிய முகவரி வழக்கமாக அங்கிருந்து வருவது அல்ல.

'தங்கும் அறை உண்டு' என்ற மூன்று சொற்களைப் படித்ததும் அவளுக்கு முகம் சூடேறியது. அண்ணனைத் தவிர யாருக்குத் தெரியும், அவள் அறை தேடியது? கணக்கு முடக்கம் பலிக்கவில்லை, பென்டிரைவும் பலிக்கவில்லை. இப்போது அவளுக்கு எது வேண்டுமோ அதையே தூண்டிலில் குத்தி அனுப்பியிருக்கிறார். இவ்வளவு தூரம் போவாரா? போவார். அவருக்கு இது வேலை.

திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை. அன்று சாப்பாட்டின்போது அவர் கேள்விக்காகக் காத்திருந்தாள். அவர் மழை வரும்போலிருக்கிறது என்றார். மறுநாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் சோதனையில் சேர்த்தியோ என்று தோன்றியது. தானாகக் கேட்கவும் வழியில்லை. ஒருவேளை அது நிஜமாக இருந்தால், கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார், போனும் எடுக்கவில்லை. தினமும் அந்த மின்னஞ்சலைத் திறந்து, இணைப்பைத் தொடாமல், வெளியே இருக்கிற நான்கு வரிகளைப் படித்துவிட்டு மூடினாள்.

இரண்டாவது மின்னஞ்சலும் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வராவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவோம். அவசரப்படுத்தினால் சந்தேகப்பட வேண்டும் என்று படித்திருந்தாள். மறுபடியும் உதவிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

"சந்தேகப்படறது சரிதான்க்கா" என்றாள் அந்தப் பெண். "ஆனா சந்தேகப்பட்டுட்டு அப்படியே உக்காந்துட்டா எப்படி? விசாரிங்க. மெயில்ல போட்டுருக்கற நம்பருக்குப் பேசாதீங்க. உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்ச நம்பருக்குப் பேசுங்க."

தெரிந்த எண் அவள் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு அறிக்கையின் தலைப்பிலும் இருந்தது. இத்தனை காலம் அதற்குக் கீழே எத்தனையோ நோயாளிகளின் பெயரைத் தட்டியிருக்கிறாள், கூப்பிடத் தோன்றியதில்லை. துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடிக்குப் போனாள். வரவேற்பில் எடுத்தவர் ஆவணப் பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றார். இசை ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. வாளியோடு அண்ணி வந்து நின்றார்.

வைத்துவிடலாமா என்று கை பரபரத்தது. அதற்குள் மறுமுனையில் ஒரு பெண்குரல், "ஆவணப் பிரிவு" என்றது.

அவள் அண்ணியைப் பார்த்தபடியே பேசினாள். "எனக்கு உங்ககிட்டேர்ந்து ஒரு மெயில் வந்துருக்கு. நீங்கதான் அனுப்பினீங்களான்னு தெரிஞ்சுக்கணும்."

"ஆமாம்மா, நாங்கதான். எங்க மெயிலெல்லாம் மாத்திட்டாங்க, அதான் முகவரி வேற மாதிரி இருக்கும். நெறைய பேரு பதிலே போடல. பயந்துட்டாங்கபோல. நீங்க வெள்ளிக்கெழம வர முடியுமா?"

"வரேன்" என்று சொன்னபிறகுதான், எப்படி வரப்போகிறோம் என்ற யோசனை வந்தது.

அண்ணி வாளியைக் கீழே வைத்தார். ஈரத்துணி ஒன்றை உதறிக் கொடியில் போட்டார். "வேலையா?"

"ஆமா அண்ணி. தங்கறதுக்கு அறையும் குடுக்கறாங்க."

"வெள்ளிக்கெழம எனக்குப் பல்லு வலி" என்றார் அண்ணி, துணிக் கவ்வியைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு. "அந்த ஆஸ்பத்திரிலயே பல்லுக்கும் பாக்கறாங்க. துணைக்கு நீ வர்ற."

அண்ணன் மூன்று கேள்விகளையும் கேட்டார். அண்ணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் பதில் சொன்னார். மருத்துவமனையில் அண்ணி வெளிநோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ள, அவள் மட்டும் ஆவணப் பிரிவுக்குப் போனாள். கீழ்த்தளம். ஜன்னலே இல்லாத நீண்ட அறை. வரிசையாக ஹெட்போன் மாட்டிய தலைகள். யாருக்குமே புரியாத ஒரு பதிவை அவளுக்குப் போட்டுக்காட்டினார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தட்டினாள். மாத முதல் தேதியில் வந்து சேரச் சொன்னார்கள்.

அண்ணனிடம் அவளே சொன்னாள். அண்ணியின் பல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஏமாத்து வேலையா இருக்கும். அப்படியெல்லாம் வீடு தேடி வேலை வராது. இரு, நான் விசாரிக்கறேன்."

"நான் விசாரிச்சுட்டேண்ணா. நேர்ல போய்ப் பாத்துட்டேன்."

அவர் தட்டில் கையை வைத்தபடி இருந்தார். "எப்ப போன?" அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அங்க உன்ன யாரு பாத்துப்பா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா?"

"கூப்பிட்டா நீங்க வந்து நிப்பீங்கன்னு தெரியும்ணா. பாத்துக்கறது வேற, பாத்துட்டே இருக்கறது வேற. எனக்கு இது முடியல."

இந்த வாக்கியத்தைச் சொல்ல அவள் எவ்வளவோ நாள் ஒத்திகை பார்த்திருந்தாள். சொன்னபோது குரல் உடைந்து, பாதி அவருக்குக் கேட்டிருக்காது. அண்ணன் எழுந்து கை கழுவிக்கொண்டு போனார். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. கிளம்புகிற அன்று காலையில் வாசலில் வேன் நின்றது. பெட்டிகளை அவரே தூக்கி வைத்தார். மருத்துவமனையின் பின்பக்கத்து விடுதியில் அவள் அறைக்குள் போய், ஜன்னலை இழுத்துப் பார்த்து, கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுத் திறந்துவிட்டு, "வீக்கா இருக்கு, மாத்தச் சொல்லு" என்றார். கண் கலங்கியிருந்ததுபோல இருந்தது. அவளுக்கும் அழுகை வந்தது. பயமா பாசமா என்று பிரித்துப் பார்க்க அப்போது தெம்பில்லை.

விடுதி அறையை ஒரு செவிலியோடு பகிர்ந்துகொண்டாள். வேலைக்குப் போனால் கீழ்த்தளம், வந்தால் இந்தச் சிறிய அறை. விட்டு வந்ததைவிடப் பெரிதாக எதுவும் இல்லை. ஆரம்பத்தில் கடைக்குக் கிளம்பினால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றும். கதவருகே நின்று, செவிலி தூங்குவதைப் பார்த்துவிட்டு, சொல்லாமல் போவாள். கணினியில் வேறு எதையும் போடவில்லை. கேட்டபோதெல்லாம் புதுப்பித்தாள், தெரியாததைத் திறக்கவில்லை. தினமும் இரண்டு முறை பார்த்துக்கொண்டிருந்தது எப்போது ஒரு முறையாகி, எப்போது நின்றுபோனது என்று அவளுக்கே தெரியாது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி தனியாக வந்தார். தின்பதற்குக் கொண்டுவந்த பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"இதுல என்ன இருக்குன்னு பாரு."

அவளுக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள். அதே பச்சைக் கேடயம், வேறொரு பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அண்ணி எங்கே இருக்கிறார், யாரோடு பேசுகிறார் என்று எல்லாம் போய்க்கொண்டிருந்தது. போட்ட தேதியைப் பார்த்தாள். அவள் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போட்டது.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரியாமயா? பல்லு வலின்னு ஆஸ்பத்திரிக்கே எதுக்குக் கூட்டிட்டுப் போனேன்? நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியும். அதான் பொய்ய அந்த எடத்துக்கே பொருந்துற மாதிரி சொன்னேன்." அண்ணி சிரித்தார். "உன் ரூம்ல நீ லொட்டு லொட்டுன்னு தட்டிட்டிருப்ப. நான் சமையல்கட்டுல நின்னுட்டு, பாவம் இவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுப்பேன். சொல்லத் துணிச்சல் வரல."

"எடுத்துடட்டுமா அண்ணி? ரெண்டு நிமிஷ வேலை."

அண்ணி கைப்பேசியைப் பார்த்தார். கையை நீட்டினார், பிறகு மடியில் வைத்துக்கொண்டார். "வேணாம். எடுத்தா உடனே தெரிஞ்சிடும். அப்பறம் ஏன் எடுத்த, எதுக்கு எடுத்தன்னு ஆரம்பிக்கும். நீ ஆபீசக் காட்டி எடுத்த. நான் எதக் காட்டுவேன்?"

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். இருவரும் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றார்கள். செவிலியின் குறட்டையைப் பற்றி அவள் சொல்ல, அண்ணி வாய்விட்டுச் சிரித்தார். அப்போது கைப்பேசி அடித்தது.

"ம்ம். பாப்பா ரூம்லதான். இதோ கெளம்பிட்டேன்" என்றார் அண்ணி. அண்ணன் ஏதோ கேட்டார். அண்ணி அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டரப் பத்திரமாத்தான் வெச்சிருக்கா. வைரஸெல்லாம் ஒண்ணும் வரலயாம்" என்றார்.

பேருந்து நிறுத்தம்வரை அவள் கூடப் போனாள். ஜன்னலோர இருக்கை கிடைத்த சந்தோஷத்தில் அண்ணி கையசைத்தார். பேருந்து நகர்வதற்குள் கைப்பேசி மறுபடி அடித்தது. அதைக் காதில் வைத்தபடியே அண்ணி போனார்.